பின்படிக்கு ஆள் இல்லை

எழுபதுகளில் ஒரு மாலை, மெல்பனிலிருந்து கிளேட்டன் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. கணவர் தாங்கள் கட்டப்போகும் வீட்டின் படத்தை மடியில் விரித்து வைத்திருந்தார்.

“இது வேலைக்காரர் மாடிக்கு ஏறி இறங்கப் பின்படி.”

“எங்களுக்கு ஏது வேலைக்காரர்?” என்றார் மனைவி.

“இல்லைத்தான். ஆனா இங்கிலாந்தில நான் பாத்த பிரபு வீட்டில ரெண்டு படி. வேலைக்காரர் எசமானின்ர கண்ணில படக்கூடாது.”

“தற்செயலாப் பட்டால்?”

“சுவரைப் பாத்துக்கொண்டு நிப்பினம்.”

“இந்தக் கயிறு என்னத்துக்கு?”

“ஹோலில இழுத்தா குசினியில மணி அடிக்கும். உடன தேத்தண்ணி வரும்.”

“ஆர் இழுக்கிறது?”

“நான்.”

“ஆர் தேத்தண்ணி கொண்டு வாறது?”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“நான் கொண்டு வரமாட்டன். பின்படியை எடுத்துவிடுங்கோ.”

“எடுத்தா வீடு ஒரு பக்கம் மொட்டையா நிக்கும். வேணுமெண்டா நானே மணியை அடிச்சுப்போட்டு, நானே பின்படியால ஓடிப்போய் ஊத்திக்கொண்டு வாறன்.”

மனைவி முதல்தரமாகப் படத்தைக் கையில் வாங்கி ஆசையோடு பார்த்தார்.

“அப்ப பின்படி இருக்கட்டும். என்னைக் கண்டால் மட்டும் சுவரைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ.”