முகம் மூடின நல்லவன்

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நாகலூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"நல்லவன் எதுக்குங்க மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியறான்?"

பக்கத்தில் அவள் கணவர், குளிருக்குக் கண் மட்டும் தெரியக் குரங்குக் குல்லாய் போட்டவர், மடியில் முகமூடி வீரன் படம் போட்ட ஓர் அமெரிக்க காமிக்ஸை விரித்து வைத்திருந்தார். எஸ்டேட் பங்களாவில் தங்கிய யாரோ விட்டுப்போனதாம். அவர் அங்கே வாட்ச்மேன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஆருன்னு தெரிஞ்சா ஊட்டுக்காரங்களுக்கு ஆபத்து புள்ள. அதான்."

"பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்ல மாட்டானா?"

"மாட்டான்."

"நொம்ப நல்லவந்தான்."

பக்கம் புரண்டது.

"ஏனுங்க, எங்க திருட்டு நடந்தாலும் போலீசுக்கு முன்னாடி இவன் வந்து நிக்கறானே. இவனுக்கு ஆரு சொன்னது?"

"அது அவனோட சக்தி. பறந்து வந்துருவான்."

"பறக்கறது சரிங்க. திருட்டு நடக்கறது எப்படித் தெரியும்?"

அவர் குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போன வாரம் குடோன்ல காப்பிக்கொட்டை மூட்டை காணாமப் போனப்ப, கணக்கெழுதற ரைட்டருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நீங்கதான அங்க நின்னீங்க?"

"நாந்தான புள்ள வாட்ச்மேன்!"

"உங்கள நான் ஒண்ணும் சொல்லலீங்க. இவனைத்தான் கேட்டேன்" என்று படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பஸ் வளைவில் திரும்ப, சன்னல் வழியே பனி உள்ளே வந்தது. அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, அந்தக் குளிரிலும், குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.