நாலு அங்குலம்

செதுக்குவதற்குப் பூவரசு நல்ல மரம், சோபியா. உளியோடு சண்டை போடாது. உன் அம்மாவின் கைத்தடியை அதில்தான் செய்தேன். பிடியில் கிளித்தலை. அலகின் வளைவு அவள் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டுமென்று மூன்று முறை இழைத்தேன்.

எனக்கு நெய்வேலி மைன்ஸில் ஷிப்ட். அவளுக்குப் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், ஞாயிறானால் மாதா கோயில். முப்பது வருடம் வாசலில்தான் பார்த்துக்கொண்டோம். ரிட்டயர் ஆகியும் அவள் வீடு தங்கவில்லை. ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தாள். தலை வாரிவிட்டேன். சோறு பிசைந்து கொடுத்தேன். "நீங்க இல்லன்னா நான் என்னா பண்ணுவேங்க" என்றாள். அதற்குமுன் அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஆறாம் மாதம் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், அவள் வெளியே போனதும், "எலும்பு கூடிடுச்சு, இனிமே தடிய விட்டுடச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை.

அந்த வாரமே அவள், "நெல்லிக்குப்பம் போயி சோபியாகூடவே இருந்துடலாம்னு பாக்குறேங்க. கைக்குழந்தைய வெச்சிகினு தனியா கஷ்டப்படுறா" என்றாள்.

"நானு?"

"உங்களுக்கு என்னா, நல்லாத்தான இருக்கீங்க. மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்க."

மதியம் அவள் தூங்கும்போது தடியின் அடியிலிருந்த ரப்பரைக் கழற்றி, கட்டையை ஒரு நெல் கனத்துக்கு அறுத்துவிட்டு ரப்பரைத் திரும்ப மாட்டினேன். பிறகு வாரம் ஒருமுறை.

மெல்ல மெல்லக் கூனினாள். முதுகு வலி என்றாள். "காலு திரும்பவும் போவுதுங்க" என்று ஒருநாள் அழுதாள். தைலம் தேய்த்துவிட்டேன். நெல்லிக்குப்பம் பேச்சை அவளே விட்டுவிட்டாள். "உங்களுக்குத்தான் என்னால பாரம்" என்பாள். பாரமில்லை என்பேன். அது உண்மை.

போன செவ்வாய் நான் ரேஷன் கடையில் நின்றிருந்தேன். எனக்கு வேலை வைக்கக்கூடாதென்று அவளே குடத்தோடு பின்வாசல் படியில் இறங்கியிருக்கிறாள். குனிந்து ஊன்றியும் தடி கீழ்ப்படிக்கு எட்டியிருக்காது. நான் வந்தபோது உயிரில்லை.

நேற்று நீ அந்தத் தடியை ஊன்றிப் பார்த்துவிட்டு, "அம்மா என்னவிட உசரமாச்சே, ஏம்ப்பா இவ்ளோ குட்டையா செஞ்சீங்க" என்று கேட்டாய். சரியான அளவில்தான் செய்தேன். பத்து மாதத்தில் நாலு அங்குலம் அறுத்தேன்.

ஆனால் அவளை நான் விழவைக்கவில்லை, சோபியா. கடைசிவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.