முப்பது டிகிரி

கண்ணாடித் தொட்டியில் வளரும் டிஸ்கஸ் என்ற அலங்கார மீனுக்கு இருபத்தெட்டு டிகிரி போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீன் வளர்ப்பவர்கள், குஞ்சு எடுப்பவர்கள் இல்லை. குஞ்சு எடுக்க முப்பது வேண்டும். முப்பத்திரண்டைத் தாண்டினால் தண்ணீரில் காற்று குறைந்து, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். இருபத்தாறுக்கு இறங்கினால் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கிவிடும், இரை எடுக்காது. இந்த ஆறு டிகிரிக்குள்தான் என் பத்து வருடப் பிழைப்பு நடந்திருக்கிறது.

டாக்டரம்மா, குழந்தை இறந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். பச்சைக் குழந்தைச் சாவு எதுவானாலும் விசாரிப்பது வழக்கம், யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை என்றும் சொன்னீர்கள். நான் மீனிலிருந்து ஆரம்பித்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மீன் புரியாமல் அன்றைக்கு நடந்தது புரியாது.

என் பெயர் செல்லப்பன். மரக்காணம், உப்பளத்தை ஒட்டிய தெரு. தனிக்கட்டை. ஒரே மனையில் முன்னால் என் மெத்தை வீடு, பின்னால் என் தம்பி பரத்தின் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. பரத் உப்பளத்தில் கூலி வேலை செய்பவன். மழைக்காலத்தில் பாத்திகள் எல்லாம் தண்ணீரில் கிடக்கும் என்பதால் அந்த மாதங்களில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவான். புயல் வந்தபோதும் அங்கேதான் இருந்தான். அவன் மனைவி அஸ்வினி தாய் தகப்பன் இல்லாத பெண். பதினேழு நாள் குழந்தையோடு தனியாக இருந்தாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. சூடாகவே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அதை அஸ்வினி என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாது என்று எழுதப் போவதில்லை. பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

கூடத்தை ஒட்டியது மீன் அறை. பன்னிரண்டு தொட்டி. சுவரிலும் கதவிலும் தெர்மாகோல் ஒட்டியிருக்கிறேன். கரண்ட் போனாலும் ஹீட்டர் இன்வர்ட்டரில் ஓடும். இன்வர்ட்டர் நின்றாலும், அவ்வளவு தண்ணீரின் சூட்டில் அறையே ஒருநாள் முழுக்கக் கதகதப்பாக இருக்கும். அந்த வாரம் நாலாம் தொட்டியில் ஒரு ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. அதற்கு முன் பதினோரு தடவை முட்டையிட்டுப் பதினோரு தடவையும் தின்று தீர்த்த ஜோடி. இந்த முறை நூற்று நாற்பது குஞ்சு. டிஸ்கஸ் குஞ்சுகள் முதலில் தின்பது தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத்தான். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு மேயும். தாய் களைத்தால் உடம்பை ஓர் உதறு உதறித் தகப்பனிடம் அனுப்பிவிடும். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதருக்கு இந்தப் பொறுப்பு ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை புயல் கரையைக் கடந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அஸ்வினி வந்து கதவைத் தட்டினாள். கூரையில் இரண்டு ஷீட் பறந்துவிட்டதாம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைப் புடவைக்குள் நெஞ்சோடு கட்டியிருந்தாள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. கூடத்தில் இருக்கச் சொன்னேன். காய்ந்த வேட்டியும் இரண்டு போர்வையும் கொடுத்தேன், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கூடத்து ஜன்னல் கண்ணாடி காற்றில் உடைந்திருந்ததால் சாக்கு கட்டியிருந்தேன். சாக்கு ஊறிப்போய், காற்று அடிக்கும்போதெல்லாம் சாரலை உள்ளே தெளித்தது.

எட்டு மணி இருக்கும். மீன் அறையிலிருந்து நான் வெளியே வந்தேன். உள்ளேயிருந்த வெதுவெதுப்பு அவள் மேல் பட்டிருக்க வேண்டும்.

"மாமா, உள்ள சூடா இருக்குது போல. பாப்பாவுக்குக் கைகாலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. ஒரு ஓரமா உக்காந்துக்கறேன் மாமா. எதையும் தொட மாட்டேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். குழந்தை அழும். அவள் எழுந்து நடப்பாள். நிழல் ஆடினால் ஜோடி மிரளும், மிரண்டால் குஞ்சுகளை விழுங்கிவிடும். கதவைத் திறந்து மூடினால் சூடும் இறங்கும். இதையெல்லாம் சொன்னால் அவள் கெஞ்சுவாள், கெஞ்சினால் நான் இளகிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் அவள் மறுபேச்சு பேச முடியாத ஒன்றைச் சொன்னேன்.

"ஏம்மா, புள்ள பெத்து இன்னும் முப்பது நாள் கழியல. தீட்டு பட்டா மீனு குஞ்சைத் தின்னுடும். தெரிஞ்சே எப்படிம்மா உள்ள விடறது?"

"ஐயோ, மறந்தே பூட்டேன் மாமா" என்று அவளாகவே இரண்டடி பின்னால் போனாள்.

எனக்குத் தீட்டில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் தெர்மாமீட்டரை நம்புகிறவன். தீட்டோடு பாத்தியில் கால் வைத்தால் உப்பு விளையாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். மீனுக்கும் அப்படித்தான் என்றால் நம்பிவிடுவாள் என்று தெரிந்துதான் சொன்னேன். கூடத்துக்கு மட்டும் ஏன் தீட்டு இல்லை என்று அவள் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சூட்டையும், கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையையும் நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அன்று கையில் ஒரு தெர்மாமீட்டர் கூடுதலாக இருந்தது, அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். எதற்கு என்று கேட்டால் பழக்கதோஷம் என்றுதான் சொல்வேன். பத்து மணிக்கு நாலாம் தொட்டி முப்பது, மீன் அறை இருபத்தொன்பது, கூடம் இருபத்திரண்டு. மதியம் இரண்டு மணிக்குக் கூடம் இருபத்தொன்றரை. அந்தப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் குழந்தை அழுகையை நிறுத்தியது. "தூங்கிடுச்சு மாமா" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சூடு இறங்கிப்போன மீனும் இப்படித்தான் அசையாமல் கிடக்கும். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "தூங்கட்டும்மா, எழுப்பாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். குஞ்சுகள் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன.

நாலு மணிக்கு அவள் அலறினாள். ரோடெல்லாம் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் இருந்தது, அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அப்போது வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

கதவைத் திறந்தால் சூடு இறங்கும் என்று மேலே எழுதினேன். நோட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்று பகலில் நான் மட்டும் அந்தக் கதவைப் பதினான்கு முறை திறந்து மூடியிருக்கிறேன். ஒரு தடவைகூட அறையில் அரை டிகிரிக்கு மேல் இறங்கவில்லை. நாலாம் தொட்டிக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தால் மீனுக்கு ஆள் நடமாட்டமே தெரிந்திருக்காது. இது எனக்குக் காலை ஒன்பது மணிக்கே தோன்றியது. துணியைக்கூட எடுத்தேன். இப்போது போய் உள்ளே வா என்றால் தீட்டு என்று சொன்னது பொய்யாகிவிடுமே, தம்பி பெண்டாட்டி முன்னால் என் மரியாதை என்ன ஆவது என்று தயங்கினேன். துணியை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் குழந்தை குளிரில் செத்தது. ஐந்தடி தூரத்தில் சூடு இருந்தது, அதன் தாழ்ப்பாள் என் கையில் இருந்தது.

போன வாரம் அஸ்வினி வந்து வாசலிலேயே நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"குஞ்சுங்களுக்கு ஒண்ணும் ஆவலையே மாமா?"

"நூத்திப் பதினெட்டு நிக்குதும்மா."

"நல்ல வேளை, அன்னிக்கு நான் உள்ள வரல. என் தீட்டுதான் என் புள்ளயக் கொண்டுபோயிடுச்சு. இதுங்களாவது பொழைக்கட்டும்."

அப்படி இல்லைம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவள், இதையும் எப்படித் தாங்குவாள்? அதனால் இந்தக் காகிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். அவள் நல்லதுக்காகத்தான் கேட்கிறேன்.