அருவியடிக் கல்

திங்கட்கிழமை நீங்கள் நல்ல செய்திதான் சொன்னீர்கள், டொக்டர் ஐயா. எக்ஸ்றேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உமக்குக் கசநோய் இல்லை. ஒருநாளும் இருந்ததுமில்லை. மலைநாட்டுக் குளிருக்கு வந்த இழுப்புத்தான்" என்றீர்கள். நான் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். மரியாதை தெரியாத மனுஷி என்று நினைத்திருப்பீர்கள். அப்படியல்ல என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

என் கணவர் சண்முகநாதன் அப்போது மலைநாட்டில், பதுளையில் கிளாக்கர். அங்கே போன மூன்றாம் வருடம் எனக்கு இருமல் பிடித்தது. அங்கத்தைய வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படமெல்லாம் எடுக்கவில்லை. அந்த உதட்டுப் பிதுக்கலே எங்கள் வீட்டுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் ஊரான பண்டத்தரிப்பிலிருந்து அம்மா வந்தார். என் கைக்குழந்தையைப் பார்க்கவென்று தங்கை குணலட்சுமியையும் கூட்டிவந்தார். நான் தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணியில் ஒரு நூலைக் கட்டிப் புறம்பாக வைத்தார்கள். பாய் வேறு. மகளை மடியில் வைக்கக்கூடாது, ஒருவரையும் தொடக்கூடாது. நியாயமான ஏற்பாடு. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குணம் மட்டும் சொல்வழி கேட்கமாட்டாள். அம்மா கண்ணயர்ந்ததும் வந்து என் முதுகில் சுடச்சுட எண்ணெய் தேய்ப்பாள். "சும்மா இருங்கோ அக்கா, எனக்கொண்டும் வராது" என்பாள். தங்கமான பிள்ளை. நான் அவளை வெறுத்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

ஒருநாள் குசினியில் சமைத்தபடி அம்மா என் கணவரோடு கதைத்தது எனக்குக் கேட்டது.

"தம்பி, பெரியவளுக்கு ஏதும் நடந்தாலும் பிள்ளை அந்தரிக்கக் கூடாது. வெளியிலை பார்க்க வேண்டாம். குணம் இருக்கிறாள்தானே."

"ஓம் மாமி" என்றார் அவர்.

அவ்வளவுதான். அதில் பிழையில்லை. அக்காள் போனால் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஆனால் நான் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். யாரோ ஒருத்தி வந்தால், பெற்றவள் வேறு என்பது என் மகளுக்கு என்றைக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். குணம் வந்தால் அப்படியில்லை. அதே முகம், அதே குரல், புளிக்குழம்பு வைக்கிற கைகூட ஒன்று. என்னை நினைக்க ஒருவருக்கும் ஒரு தேவையும் இராது. நான் செத்தது மட்டுமல்ல, இருந்ததே இல்லையென்று ஆகிவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா ஊருக்குப் போன கிழமை, அருவி பார்க்க வேண்டுமென்று குணம்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனோம். தெருவிலிருந்து காட்டுக்குள்ளால் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். அட்டை கடிக்காமல் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டோம். பாதி வழியில் பிள்ளை பசித்து அழுதாள். அவர் அவளுக்குப் போத்தலில் பால் பருக்கவென்று ஒரு மரத்தடியில் இருந்துவிட்டார்.

"போய்ப் பார்த்திட்டு வாங்கோ. கல்லிலை மட்டும் ஏறாதையுங்கோ" என்று பின்னால் சத்தம் போட்டார். குணம் முன்னுக்கு ஓடிவிட்டாள். அவளுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

ஆறில்லாத ஊரில் பிறந்தவள், கிணற்றைத் தவிர வேறு நல்ல தண்ணீர் கண்டதில்லை. அருவியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "என்ரை அம்மாளாச்சி, உவ்வளவு தண்ணியும் சும்மா ஓடுதே அக்கா. எங்கடை புகையிலைக்குத் தண்ணி இறைக்க அப்பா விடியவிடியத் துலா மிதிக்கிறார்." பிறகு, "காலை நனைக்கட்டே?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்க் கல் சொரசொரப்பானது. பாசி பிடித்தாலும் கால் நிற்கும். மலைநாட்டுக் கல் அப்படியல்ல. தண்ணீர் ஓடி ஓடி மழமழவென்று கிடக்கும். போன புதிதில் நானே அதில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டேன். குணத்துக்கு அது தெரியாது.

"ஓம், அந்தப் பச்சைக் கல்லிலை போய் நில்லு. எங்கடை கிணத்தடி மாதிரித்தான்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். விழுந்ததும் உடனே அள்ளுண்டு போகவில்லை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை என் பக்கம் நீட்டினாள். "கையைத் தாங்கோ அக்கா" என்றாள். எட்டுகிற தூரந்தான். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கசநோய்க்காரி ஒருவரையும் தொடக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. அன்றைக்கு நான் அதை மீறவில்லை. பிறகு அவள் பிடித்த வேர் அறுந்துபோயிற்று. நான் மெதுவாகத்தான் திரும்பி நடந்தேன். ஓடினால் எனக்கு இருமல் வரும்.

கால் வழுக்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையும் அதுதான். அதற்குப் பிறகு அவர் மாற்றம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தார். இந்த வெக்கையில் என் இருமலும் குறைந்தது. நான் சாகப்போவதில்லை என்று அப்போதே ஒருவர் சொல்லியிருந்தால் குணம் இன்றைக்கு இருப்பாள். யோசித்துப் பார்த்தால், பிழை என்னுடையது மட்டுமல்ல. உங்களைக் குறை சொல்லவில்லை, ஐயா. உதட்டைப் பிதுக்கிய அந்த ஆளைத்தான் சொல்கிறேன்.

இப்போது அம்மா கடைசித் தங்கை நல்லம்மாவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நல்ல பிள்ளை. மகள் அவள் பின்னாலேயே திரிகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளைக் கீரிமலைக் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். நீங்கள் சொன்ன செய்தியைக் கேட்டபிறகு அதற்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இன்று விடிய எழும்பியதும் கொஞ்சம் இருமினேன். படத்தை இன்னொருதரம் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா. அவசரமில்லை, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் சொன்னால் போதும்.