செதில் இல்லாத மீனுக்கு அரை அளவு

என் தங்கை என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு ரப்பர் குழாயைப் பற்றி.

"அக்கா, டியூப்ப எங்க வச்ச?"

"நீ வச்ச எடத்துலதான் இருக்கும்."

"அப்ப கெடைக்காது" என்று சிரித்துக்கொண்டே தேடப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. மீன்தொட்டியில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றும் நாள். குழாய் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, குளியலறையில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

சர்வேயர் சார், உங்கள் கடிதம் வந்தது. உங்கள் ஊருக்கு வரும் அவசரத்தில் அவள் மாத்திரை போட மறந்திருக்க வேண்டும், அந்த அவசரத்தைக் கொடுத்தவன் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. இருபத்தாறு வருடமாக அதுதான் என் வேலை.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள் உங்களுக்குத் தெரியும். யாரும் படிக்காத தாள். அச்சாகும் முன் அதை நான் படிப்பேன். எங்கள் அச்சகத்தில் என் மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. பேச ஆள் கிடையாது, தேவையும் இல்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தங்கை இருப்பாள். அன்றைய பேச்செல்லாம் அவளிடம்தான்.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. பன்னிரண்டாவது வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவள் குளித்தாலும் தாழ்ப்பாள் போடுவதில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன், அவள் உள்ளே இருந்து "உம்" கொட்டிக்கொண்டிருப்பாள். என்னை ஒருமுறை பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கையை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டு அனுப்பினார்கள். உத்தேசம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

மீன்கள் அவளுடைய யோசனை. கடைக்காரர் பாம்பு மீன் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார். பென்சில் நீளம்கூட இல்லை, மஞ்சளில் கறுப்புப் பட்டை, வந்த நிமிடமே மணலுக்குள் புகுந்துகொண்டது. அது என்ன மீன் என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மீன் வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் படம் போட்டாள். நீங்கள் பதில் போட்டீர்கள். மீசை இருக்கிறதா என்று பாருங்கள், கண்ணுக்குக் கீழே நகத்துணுக்குப் போல ஒரு முள் இருக்கும், வலையில் சிக்கிக்கொள்ளும், அதனால் டம்ளரில் பிடியுங்கள், இது பாம்புமில்லை விலாங்குமில்லை, அயிரை வகை. அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். முள் தெரிந்ததும் கூப்பிட்டாள். நானும் பார்த்தேன். அயிரையேதான்.

ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், தனியாக இருந்தால் ஒளிந்தே கிடந்து வாடிவிடும், குறைந்தது ஐந்தாறு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோதே உங்களை எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளே நான்தான் கடைக்குப் போய் இன்னும் ஐந்து வாங்கி வந்தேன்.

அப்புறம் நீங்கள் தொலைபேசியில் பேச ஆரம்பித்தீர்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்குவாள்.

"உங்க அக்காவுக்கு மீசை எத்தனை ஜோடி, எண்ணிட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

"எண்ணலாம் சார், டம்ளர்ல அடங்க மாட்டேங்கறா."

"முள்ளு?"

"அதுக்கு பூதக்கண்ணாடியே வேணாம்."

நான் பக்கத்து அறையில் இருந்தேன். கோபம் வரவில்லை. அவள் அப்படிச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல. கடைக்காரர் கொடுத்த மருந்துப் புட்டியில் அளவு எழுதியிருந்தது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மற்ற மீன்களுக்குச் செதில் கவசம் மாதிரி, அயிரைக்கு அது கிடையாது, இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. புட்டியில் போட்டிருப்பதை அப்படியே ஊற்றினால் காலையில் எல்லாம் மிதக்கும். பாதி ஊற்றுங்கள், பொறுமையாக இருங்கள். அப்படியே செய்தோம். ஆறும் பிழைத்தன. அச்சில் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை, அச்சகத்திலேயே காலம் தள்ளிய நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தங்கைக்கு இரண்டரை வருடமாக வலிப்பு வரவில்லை. புது மருந்து நன்றாக வேலை செய்தது. காலையில் ஒரு கேப்ஸ்யூல், மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாரத்துக்கு வேண்டியதைப் பதினான்கு கட்டம் உள்ள டப்பாவில் போட்டுவைப்பது என் வேலை. மருத்துவர் இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், தனியாக இருக்கலாம், வேலைக்கும் போகலாம் என்றார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதைச் சொன்னாள். அறைகூடப் பார்த்துவிட்டீர்களாம். ஜன்னல் பக்கம் தொட்டி வைக்க இடம் இருக்கிறதாம்.

"நீ வேணா லீவுக்கு வந்துட்டுப் போக்கா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்ஸ்யூல்களைத் திறந்து பாதிப் பொடியைக் கொட்டிவிட்டு மூடிவைத்தேன். அது கடினமான வேலை இல்லை. என் கைகள் சின்னச் சின்னக் காரியங்களுக்குப் பழகியவை. அவளுக்கும் கவசம் கிடையாது, முழு அளவு அவளை அளவுக்கு மீறித் தைரியப்படுத்துகிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மூன்று மாதத்துக்குத்தான். வேலை வேறு யாருக்காவது போய்விட்டால் பழையபடி முழுதாகக் கொடுத்துவிடலாம்.

ஐந்தாவது வாரம் வலிப்பு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நாக்கில் கொஞ்சம் காயம். மருத்துவர் அவளைத்தான் முறைத்தார்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். அக்காதான் எடுத்து வைக்கறாங்க. ஒரு வேள தப்பினதில்ல. கேட்டுப் பாருங்க."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. ரத்தத்துல மருந்தே கொறைவா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அவள் ஒரு வேளையும் விட்டதில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அவர் நம்பவில்லை. பொய் சொல்கிற நோயாளி என்று அவளைத் தீர்மானித்துவிட்டார். பேருந்தில் அவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். மருத்துவர் அளவைக் கூட்டி எழுதியிருந்தார். நான் அதிலும் பாதியாக்கினேன்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மறுபடியும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினேன். அவள் "உம்" கொட்டினாள்.

ஆனால் அவள் வேலையை விடவில்லை. நீங்களும் விடவில்லை. பள்ளியில் வேலையை அவளுக்கே கொடுத்து, சேருவதற்கு ஒரு மாதம் தள்ளியும் வைத்தார்கள். ஒருநாள் பெட்டியை எடுத்துப் போட்டுத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"வழியில விழுந்து வச்சா என்னடி பண்ணுவ?" என்றேன்.

"அங்க போய் விழறேன்க்கா. அங்கயும் தரை இருக்கு."

"அங்க யாருடி தூக்கிவிடுவா?"

"அளக்கறவர்தானே, எவ்வளவு நீளத்துக்கு விழுந்திருக்கேன்னு முதல்ல அளப்பாரு. அப்புறமா தூக்குவாரு."

நானும் சிரித்தேன். அவளோடு சேர்ந்து துணி மடித்துக் கொடுத்தேன். புதன்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருந்தாள்.

இதுவரை பாதி என்று எழுதிவந்தேன். கடைசி வாரம் பாதி இல்லை. பதினான்கு கேப்ஸ்யூலையும் முழுக்கக் காலி செய்து குளுக்கோஸ் பொடியை நிரப்பினேன். அந்த மருந்தின் தாளை இரண்டு முறை நான் படித்துத் திருத்தியிருக்கிறேன். 'மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது, உயிருக்கு ஆபத்து நேரலாம்' என்ற வரியில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்தது நான்தான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். ஒரு பெரிய வலிப்பு வந்தால் பயணம் நின்றுவிடும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அந்த டப்பாவின் கடைசிக் கட்டம் தீர்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. வாளி உருண்ட சத்தம் கேட்டு உடனே ஓடினேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். குளியலறை வாசலில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஒரு கல் படி உண்டு. தலை அதில் பட்டிருந்தது. குழாய் அவள் கையில் இருந்தது. வலிப்புக்காரப் பெண், மருந்தில் கவனமில்லாதவள் என்று மருத்துவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் தங்கை எதையும் மறக்கவில்லை, சார். அன்று காலைகூட என் கண் முன்னால்தான் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். கவனமில்லாதவள் என்று நீங்கள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் அவசரமும் காரணமில்லை. அவளை நான்தான் கொன்றேன்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். காவல் நிலையம் எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது திருப்பத்தில்தான் இருக்கிறது. நானே போயிருப்பேன், ஆனால் அவர்களுக்கு முதலில் அயிரையைப் பற்றி விளக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை.

மீன்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும். இங்கேயே பழகிவிட்டன, இடம் மாற்றினால் தாங்காது. யார் வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். எனக்குப் போக வேறு இடமில்லை. அவளுக்கும் இருந்ததில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இன்று காலை தொட்டித் தண்ணீரின் வெப்பம் இருபத்தாறு டிகிரி. போன மாதமும் அதுதான்.