சூரியன் அணைந்த கதை

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது டி.வி. போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். தேவை இருந்ததில்லை. என் தம்பி ஆஸ்வின், தான் எழுதிய கதையை வாசிப்பான்.

எல்லாம் உலகம் அழிகிற கதைகள். ஒன்றில், உலகத்தை முடித்துவைக்க வந்த நான்கு குதிரைவீரர்களைத் தேனாம்பேட்டை சிக்னலில் ஹெல்மெட் இல்லையென்று மடக்கிவிடுவார்கள். "வாள் வச்சிக்கினு சுத்துறியே, லைசன்ஸ் கீதா நைனா?" என்பார் ஏட்டு. இன்னொன்றில், தீர்ப்பு நாளன்று கல்லறையிலிருந்து எழுந்தவர்கள் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார்கள். எனக்கு விலா வலிக்கும். ஒருமுறை ரசக் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டேன்.

அந்தக் கதைகளை அவன் எழுதியதெல்லாம் மனம் சரியில்லாத காலங்களில்தான். வேலைக்குப் போக மாட்டான், குளிக்க மாட்டான், ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவான். அவன் மனைவி ஷில்பா டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத் தேறினான், அதை மறுக்கவில்லை. தூங்கினான். ஷில்பாவோடு அடையாறுக்குப் போய்த் திரைச்சீலை வாங்கி வந்தான்.

அதற்கப்புறம் வாசித்த கதையில், வால்நட்சத்திரம் பூமியை உரசாமல் போய்விட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தோசை சாப்பிட்டார்கள். ஷில்பா கைதட்டினாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஷில்பாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. காலையிலேயே கிளம்பிவிடுவாள். மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. அதே நிறத்தில் சத்து மாத்திரை ஒன்று கிடைத்தது. டப்பியில் மாற்றிப் போட்டேன். விஷமில்லை, மேடம். உடம்புக்கு நல்லதுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் மறுபடி ஜன்னலோரம் போய்விட்டான். புதுக் கதை பிறந்தது. அதில் சூரியன் திடீரென்று அணைந்துபோகிறது. அசோக் நகர்க்காரர்கள் எல்லோரும் மாடியேறி, பக்கத்துத் தெருவில் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். அங்கேயும் இல்லையென்று தெரிந்ததும் நிம்மதியாக இறங்கி வருகிறார்கள். அவன் எழுதியதிலேயே அதுதான் உச்சம். தலை நிமிராமல், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தான். அப்படி வாசித்ததில் இன்னும் வேடிக்கையாக இருந்தது.

ஷில்பாவுக்குச் சந்தேகம் வந்தது. "அக்கா, மாத்திரை ஒழுங்கா போடறாரா? முகமே சரியில்ல."

"என் கையாலதாம்மா குடுக்கிறேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆஸ்வினும் ஒரு நாள் காலையில் கேட்டான். "அக்கா, மாத்திரைய மாத்திட்டாங்களா? ஒண்ணுமே கேக்கல. பழையபடி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு."

"கதை எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டேன்.

மாத்திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தம்ளரை வாங்கி மாத்திரையை விழுங்கினான். அம்மா போனபிறகு அவனை வளர்த்தது நான். நான் கொடுத்த எதையும் அவன் மறுத்ததில்லை.

அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் அவன் செருப்பு மட்டும் இருந்தது. மறுநாள் மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டப்பியை நானாகத்தான் உங்களிடம் கொடுத்தேன். மாற்றியது நான். மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஷில்பா என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாளாம். அவளுக்குப் புருஷன் இருந்தால் போதும். அவனுக்குள் இருந்த எழுத்தாளனை நினைத்துப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அவன் கடைசியாக எப்போது சிரித்தான் என்று கேட்கிறீர்கள். அதை நான் கவனித்ததில்லை, மேடம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.