வாளிகளுக்கு ஓட்டை போட்டவன்

நீங்கள் செடிச் சாடிகளைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சாடி என்று நான் எதுவும் வாங்கவில்லை. புரோசார்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் ஊறுகாய் வந்த வெள்ளை வாளிகளைச் சும்மா தந்தார். கர்க்லாண்டில், என் வீட்டுக்குக் கீழே உள்ள பேஸ்மென்டில், அவற்றில் மண் நிரப்பிக் கஞ்சா நட்டேன். முதல் முறை இருபது செடியும் மஞ்சளாகிச் செத்தன. வாட வாட நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிறவனுக்குத் தோட்டவேலை எப்படித் தெரியும்?

தேவதாசன் மன்னாரிலிருந்து வந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, என் வீட்டு மேலறையில் இருந்தான். தேவாலயத்தில், ஞாயிறு பூசையில் எனக்குப் பழக்கமானவன். என் மனைவி கத்தரின் செத்தபிறகு நானும் தனி ஆள். அவன் ஒரு வாளியைக் கவிழ்த்து வேரை முகர்ந்து பார்த்தான்.

“அண்ணை, இது அழுகிப் போச்சு. அடியில ஓட்டை இல்லாட்டித் தண்ணி எங்கால போறது?”

அன்றைக்கே எல்லா வாளிகளின் அடியிலும் ஓட்டை போட்டான். மண்ணில் பருமணல் கலந்தான். வாளிகளை மரச்சட்டத்தில் தூக்கி வைத்து, வடிகிற தண்ணீர் தேங்காமல் தரைக் குழாய்க்குப் போகச் செய்தான். சின்னச் செடிக்குப் பெரிய வாளி கூடாது, ஈரம் காயாது என்றான். மறுபடி நட்டதும் ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்தில், பேஸ்மென்ட் பச்சைப்பசேலென்று நின்றது. எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2005 பெப்ரவரியில் அவனுடைய விண்ணப்பத்துக்குப் பதில் கடிதம் வந்தது, பிரெஞ்சில். பொன்ஜூர், மெர்சி தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அவனை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இனி வேலை தேடுவான், மனைவி யோசெப்பினையும் மகளையும் கூப்பிடுவான், என்னை விட்டுப் போய்விடுவான். செடிகள் பூக்கத் தொடங்கியிருந்தன.

“என்னவாம் அண்ணை?”

“மறுத்துப்போட்டாங்கள், தம்பி. பிடிச்சா ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். கொஞ்சக் காலம் கீழ இரு.”

அவன் அழுதான். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

அவனுக்குக் கீழே கட்டில் போட்டேன். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியது செடிகளுக்காக. கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டது அவனுடைய பாதுகாப்புக்காக. அவனுடைய வழக்கறிஞர் அழைத்தபோது, அவன் டொராண்டோ போய்விட்டதாகச் சொன்னேன். ஞாயிறுகளில் பூசை முடிந்து வந்து பங்குச் சுவாமியின் பிரசங்கத்தை அவனுக்குச் சொல்வேன். யோசெப்பினோடு தொலைபேசியில் கதைக்கவேண்டும் என்று கெஞ்சுவான். ஒட்டுக்கேட்பார்கள் என்று தடுத்து, நானே மேலே கதைத்துவிட்டு வந்து சொல்வேன். 2007 கடைசியிலிருந்து அந்த இலக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் சாப்பிடுவான்.

இப்படி மூன்று வருடமும் ஒன்பது மாதமும். கடிதத்தை நான் கிழிக்கவில்லை, அலுமாரியில் இருக்கிறது. அதை மறைத்தேன், பொய் சொன்னேன், பூட்டினேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறைவைத்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. பக்கத்து வீட்டுக்காரி கஞ்சா மணத்தைப் பற்றி முறையிட்டு உங்கள் பொலிஸ் ஆட்கள் வந்தார்களே, அன்றைக்கு என்னை விலங்கோடு படியில் நிறுத்தியிருந்தார்கள். அவன் செடிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை.

“அண்ணை, நான் இஞ்ச இல்லையெண்டு சொல்லுங்கோ.”

சிறைவைத்தவனிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?